பேலஸ் ஆன் வீல்ஸ்ல அப்பா அம்மாவ அனுப்பலாமா?

கேள்வி கேட்ட தம்பி சுருக்கமா சொன்னது இது: அப்பா ரிட்டையர் ஆகப்போறார், சின்ன வயசுல இருந்து ரயில்னா உயிர், அம்மாவுக்கு முட்டி வலி, ரெண்டு பேரையும் ராஜஸ்தான்ல பேலஸ் ஆன் வீல்ஸ்ன்ற சொகுசு டூரிஸ்ட் ட்ரெயின்ல அனுப்பணும்னு ஆசை, அவ்வளவு காசு குடுக்குறது தகுமா, இல்ல அதே காசுல சாதாரண ட்ரெயின்ல போய் நல்ல ஹோட்டல்ல தங்க வைக்கலாமா.

நான் ஜோத்பூர்ல ஏழு வருஷம் வேலை பாத்தவன், அந்த ட்ரெயின் திங்கட்கிழமை காலைல ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறத எத்தனையோ தடவை பாத்திருக்கேன், ஒரு தடவை நானும் மனைவியும் அதுலயே போயிருக்கோம், ஜோத்பூர் ஜெய்சல்மேர் லைன்ல சாதாரண ட்ரெயின்ல எத்தனை தடவை போனேன்னு கணக்கே இல்ல. அதனால நேராவே சொல்லிடுறேன். அம்மாவுக்காகன்னா தாராளமா அனுப்புங்க. அப்பாவுக்கு அந்த ட்ரெயின் மட்டும் போதாது, அவருக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு மூணு நாள் தனியா சேர்த்துக் குடுக்கணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, இந்த ட்ரெயின் பெரும்பாலும் ராத்திரிலதான் ஓடும், பகல்ல நிக்கும். புதன்கிழமை சாயங்காலம் டெல்லி சப்தர்ஜங் ஸ்டேஷன்ல ஏறினா வியாழன் ஜெய்ப்பூர், வெள்ளி சவாய் மாதோபூரும் சித்தோர்கரும், சனி உதய்பூர், ஞாயிறு ஜெய்சல்மேர், திங்கள் ஜோத்பூர், செவ்வாய் பரத்பூர் ஆக்ரா, மறுபடி புதன் காலைல டெல்லி. ஏழு ராத்திரி. ஒவ்வொரு ஊர்லயும் காலைல எறக்கி பஸ்ல கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுவாங்க, நல்ல ஹோட்டல்ல சாப்பாடு, திரும்பி வந்து ட்ரெயின்ல டின்னர், தூங்கி எழுந்தா அடுத்த ஊர். அம்மாவுக்கு ஏன் நல்லதுன்னா இதுக்காகத்தான், பொட்டிய ஒரு தடவை பிரிச்சு அலமாரில வச்சா ஏழு நாளைக்கு தொட வேண்டாம், பிளாட்பாரம்ல பொட்டிய இழுத்துட்டு ஓட வேண்டாம், ஆறு ஊர்ல ஆறு ஹோட்டல் செக் இன் கிடையாது. முட்டி வலி இருக்குற ஒருத்தர கூட்டிட்டு ராஜஸ்தான் சுத்தின யாரைக் கேட்டாலும் இதோட அருமை சொல்லுவாங்க.

ஆனா ரயில் பைத்தியமான ஒருத்தருக்கு? பாலைவனத்த கடக்குறதே ராத்திரில, கறுப்புக் கண்ணாடிக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. பகல்ல நல்லா ஓடுற ஒரு நேரம் வெள்ளிக்கிழமை, சவாய் மாதோபூர்ல இருந்து சித்தோர்கர் போறப்போ, அது அழகான பக்கம்தான், ஆனா அது பாலைவனம் இல்ல, சம்பல் நதி பக்கத்து மேட்டு நிலம். திங்கள் மத்தியானத்துக்கு மேல ஜோத்பூர விட்டு கெளம்பும்போது கொஞ்ச நேரம் வெளிச்சம் கிடைக்கும். இது ரெண்டையும் விட முக்கியமானது ஞாயித்துக்கிழமை விடிகாலை. அப்பாகிட்ட இத எழுதியே குடுத்துடுங்க: அன்னைக்கு மட்டும் ஆறு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து ஜன்னல் பக்கத்துல உக்காந்துடணும். ஜெய்சல்மேர் வர காலைல ஒன்பது மணி வாக்குல ஆகும், அதுக்கு முன்னாடி கிடைக்கிற ரெண்டு மூணு மணி நேரம்தான் மொத்த ஏழு நாள்லயும் தார் பாலைவனத்த ட்ரெயின்ல இருந்து பாக்குற நேரம். சினிமால காட்டுற மாதிரி மணல் மேடு வரிசையா வராது, அதையும் முன்னாடியே சொல்லிடுங்க. கல்லும் புதரும் தட்டையான பூமியும், நடுவுல ஒரு வன்னி மரம், ஒரு ஆட்டு மந்தை, எங்கேயோ ஒரு மயில். பாக்க பாக்கத்தான் அது மனசுக்குள்ள எறங்கும்.

இந்த ட்ரெயின் எப்படி வந்துச்சுன்னு அப்பாவுக்கு தெரிஞ்சா அவர் பாக்குற விதமே மாறும், அதனால கொஞ்சம் சொல்றேன். 1982 ஜனவரி 26, குடியரசு தினத்தன்னைக்கு இத ஆரம்பிச்சாங்க, ராஜஸ்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ரயில்வேயும் சேர்ந்து. அப்போ ஓடினது நிஜமாவே ராஜாக்களோட சலூன் கோச்சுங்க, அதாவது வீடு மாதிரி வசதி பண்ணி வச்ச தனிப் பெட்டிங்க. ராஜபுதன (ராஜஸ்தானோட பழைய பேரு) சமஸ்தானங்கள், பரோடா, ஹைதராபாத் நிஜாம், பிரிட்டிஷ் வைஸ்ராய் இவங்கல்லாம் சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த கோச்சுகள தேடிப் பிடிச்சு ஒண்ணா கோத்தாங்க. எல்லாம் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகல தண்டவாளத்துல ஓடுறது. ராஜஸ்தான் பக்கம் அப்போ பெரும்பாலும் மீட்டர் கேஜ்தான், எழும்பூர்ல இருந்து தெக்க ஓடின மாதிரியே. 1992ல நாடு முழுக்க லைன எல்லாம் ஒரே அகலத்துக்கு மாத்துற திட்டம் வந்ததும் அந்த தண்டவாளங்களே ஒவ்வொண்ணா பிராட் கேஜ், அதாவது அகலப் பாதை ஆயிடுச்சு, மீட்டர் கேஜ் ட்ரெயினுக்கு ஓட வழி இல்லாம போச்சு. இப்போ ஓடுறது பிராட் கேஜ் கோச், நம்ம பெரம்பூர் ஐசிஎஃப்ல கட்டினது. அதனால "மகாராஜா படுத்த கட்டில்ல படுக்கப் போறோம்"னு நெனச்சு ஏறாதீங்க. கதை பழசு, கோச் புதுசு. 2009ல உள்ளுக்குள்ள எல்லாத்தையும் ஒரு தடவை புதுப்பிச்சாங்க, கொரோனா வந்தப்போ ரெண்டு வருஷத்துக்கு மேல நின்னு 2022 அக்டோபர்ல மறுபடி ஓட ஆரம்பிச்சுது.

உள்ள சலூன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பழைய சமஸ்தானத்து பேரு, ஆல்வார், பிகானேர், பூந்தி, கோட்டா, சிரோஹி, கிஷன்கர் அப்படி. ஒவ்வொரு சலூன்லயும் கூட இருந்து கவனிச்சுக்குற ஆளுக்கு கித்மத்கார்னு பேரு, தலப்பாகை கட்டிட்டு இருப்பாங்க. சாப்பிட மஹாராஜா, மஹாராணின்னு ரெண்டு ரெஸ்டாரண்ட் கோச். கேபின் பத்தி ஒரு விஷயம், எவ்வளவு அலங்காரம் பண்ணாலும் ரயில் பெட்டியோட அகலம் ரயில் பெட்டியோட அகலம்தான், பெரிய ஹோட்டல் ரூம எதிர்பாத்து போனா ஏமாந்துடுவாங்க. ரெண்டு கட்டில், சின்ன பாத்ரூம், ஷவர், அவ்வளவுதான், ஆனா சுத்தமா வசதியா இருக்கும். ஓடுற வண்டில படுத்து பழக்கமில்லாதவங்களுக்கு முதல் ராத்திரி தூக்கம் சரியா வராது, மூணாவது ராத்திரி தொட்டில் மாதிரி ஆயிடும். அம்மாவுக்கு பெரிய பொட்டி வேணாம், கட்டிலுக்கு கீழ போற மாதிரி நடுத்தர பொட்டி ரெண்டு போதும்.

பாலைவனத்துல ரயில் வந்த கதை இதை விட பெருசு. ஜோத்பூர் ராஜா சொந்தமா ரயில்வே வச்சிருந்தார். 1882ல இப்போ மார்வார் ஜங்ஷன்னு சொல்ற இடத்துல இருந்து பாலி ஊர் வரைக்கும் முதல் லைன், 1885ல ஜோத்பூர் வந்து சேர்ந்துச்சு, அப்புறம் பிகானேரும் சேர்ந்து ஜோத்பூர் பிகானேர் ரயில்வேன்னு ஓடி, 1924ல ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சுது. ராஜாக்கள் ஜாலிக்காக போட்டதுன்னு நெனைக்கக் கூடாது. அந்த ஊர்ல மழை பொய்ச்சா மனுஷங்க கூட்டம் கூட்டமா செத்தாங்க. 1899-1900ல வந்த பஞ்சத்த இன்னைக்கும் அங்க பெரியவங்க சப்பனியா அகால்னு சொல்லுவாங்க, சப்பன்னா 56, அவங்க பஞ்சாங்கக் கணக்கான விக்ரம சம்வத்ல 1956ஆம் வருஷம் வந்ததால அந்த பேரு. தானியத்த ஒட்டகத்துல ஏத்தி எத்தனை ஊருக்கு கொண்டு போக முடியும்? தண்டவாளம் இருந்த ஊருக்கு வெளியில இருந்து தானியம் வரும், இல்லாத ஊர்ல ஜனங்க ஊரையே விட்டுட்டு நடந்தாங்க. இன்னொரு பக்கம் உப்பு. சாம்பர் ஏரி உப்பு, பச்பத்ரா உப்பு இதெல்லாம் ரயில்ல ஏறித்தான் வட இந்தியா முழுக்க போச்சு. ஜோத்பூர்ல உமைத் பவன் அரண்மனைய பாத்துட்டு எல்லாரும் வாய பொளப்பாங்க, 347 ரூம், 1929ல ஆரம்பிச்சு 1943ல முடிச்சது, அதுவும் பஞ்சத்துல ஜனங்களுக்கு கூலி குடுக்கணும்னு ஆரம்பிச்ச வேலைதான். அது இப்போ ஒரு பகுதி ஹோட்டல், ஒரு பகுதி ராஜ குடும்பம் இருக்குறது, ஒரு பகுதி மியூசியம். மியூசியத்துக்கு சின்ன டிக்கெட்தான், அங்க தங்க காசில்லைன்னு பாக்காம விட்டுடாதீங்க.

ஜோத்பூர்ல இருந்து மேற்க பார்மேர் வழியா போற லைன் ஒரு காலத்துல சிந்து மாகாணத்து ஹைதராபாத் வரைக்கும் ஓடுச்சு. பிரிவினைக்கு அப்புறம் முனாபாவ்தான் கடைசி இந்திய ஸ்டேஷன், 1965 போர்ல அந்த வழி அடைபட்டு, 2006ல தார் எக்ஸ்பிரஸ்னு மறுபடி தொறந்து, 2019ல மறுபடி நின்னு போச்சு. எல்லைக்கு ரெண்டு பக்கமும் சொந்தம் வச்சிருக்குற குடும்பங்கள் ஜோத்பூர்ல நிறைய. தார் எக்ஸ்பிரஸ் கெளம்புற ராத்திரி பகத் கீ கோட்டி ஸ்டேஷன்ல போய் நின்னு பாத்திருக்கேன், மூட்டை மூட்டையா துணியும் பலகாரமும் ஏத்திட்டு, பாட்டிங்க அழுதுட்டே கைய ஆட்டுவாங்க. அந்த ஸ்டேஷன் பேர உங்கப்பா கேள்விப்பட்டிருப்பார், மன்னார்குடில இருந்து வாரத்துக்கு ஒரு ட்ரெயின் அங்கதான் போய் முடியுது.

இப்போ ஜெய்சல்மேர். ஏழு நாள்ல எனக்கு இதுதான் உசுரு, அதனால இதுக்கு நிறைய சொல்றேன், மத்த ஊர்ங்க பத்தி எல்லாரும் எழுதியிருக்காங்க.

1156ல ராவல் ஜைசல் கட்டின கோட்டை, மஞ்ச மணல்கல்லு, சாயங்கால வெயில்ல தங்கம் மாதிரி ஆகும், 99 கொத்தளம். இந்தியால பெரும்பாலான கோட்டை காலியா கெடக்கும், இதுக்குள்ள இன்னும் ஜனங்க குடும்பத்தோட குடியிருக்காங்க, பால்காரர் வருவார், பசங்க கிரிக்கெட் ஆடும், நடுவுல ஜைன கோயில். இவ்வளவு பணம் இந்த ஒண்ணுமில்லாத மண்ணுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, ஒட்டக வணிகம். மத்திய ஆசியா, சிந்து, குஜராத்துக்கு நடுவுல போற பாதை, போறவன் வர்றவன் எல்லாம் சுங்கம் கட்டணும். பட்டுவோன் கி ஹவேலின்ற வியாபாரி மாளிகைய பாருங்க, அஞ்சு அண்ணன் தம்பிக்கு அஞ்சு வீடு, கல்லுல சல்லடை மாதிரி பண்ணின ஜாலி வேலை மரத்துல பண்ணின மாதிரி இருக்கும். அப்புறம் பம்பாய் துறைமுகம் வந்து, கப்பல் வந்து, மத்த ஊருக்கெல்லாம் ரயில் வந்து, ஒட்டகப் பாதை காஞ்சு போச்சு, வியாபாரிங்க ஊர விட்டு போயிட்டாங்க. ஜெய்சல்மேருக்கு தண்டவாளம் எப்போ வந்துச்சு தெரியுமா, 1960கள் கடைசியில. 1965 போருக்கு அப்புறம் எல்லைக்கு ராணுவத்த சீக்கிரமா கொண்டு போகணும்னுதான் போக்ரான்ல இருந்து மேல லைன் போட்டாங்க. ரயில் வந்து கெடுத்த ஊர ரயிலே திரும்ப எழுப்புச்சு, ஏன்னா அந்த லைன்லதான் டூரிஸ்ட் வந்தாங்க.

ஒரு விஷயம் கெஞ்சியே கேட்டுக்குறேன், தனியா போனாலும் சரி, கோட்டைக்குள்ள இருக்குற ஹோட்டல்ல ரூம் போடாதீங்க. அந்தக் கோட்டை கட்டினப்போ ஒரு வீட்டுக்கு ரெண்டு குடம் தண்ணி, அதுவும் கீழ கடிசர் ஏரில இருந்து தலைல சுமந்தது. இப்போ ஒவ்வொரு ரூமுக்கும் ஷவர், டாய்லெட், அந்தத் தண்ணி எல்லாம் கசிஞ்சு கோட்டை நிக்கிற குன்றுக்குள்ள எறங்கி மண்ண எளக்குது, கொத்தளங்கள் இடிஞ்சே விழுந்திருக்கு. 1996லயே உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்துல இருக்குற இடங்கள் பட்டியல்ல இத சேர்த்தது. 2013ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறுல ஒண்ணா வந்துச்சு, பேரு கெடச்சா கூட்டம் இன்னும் கூடும். கோட்டைக்கு வெளிய தங்கி, உள்ள நடந்து போய் பாத்து, அங்க கடைல ஏதாவது வாங்கிட்டு வாங்க. இந்த ஒரு விஷயத்துல சொகுசு ட்ரெயின் நல்லதுன்னே சொல்லுவேன், அவங்க தங்குறது தண்டவாளத்துல, கோட்டை மேல ஒரு பக்கெட் தண்ணி கூட கூடுதலா எறங்காது.

சாயங்காலம் சாம் மணல் மேட்டுக்கு கூட்டிட்டுப் போவாங்க, ஊர்ல இருந்து 40 கிலோமீட்டர். ஒட்டகச் சவாரி இருக்கும். ஒட்டகம் எழும்பும்போது பின்னங்கால முதல்ல தூக்கும், மேல இருக்குறவங்க அப்படியே முன்னாடி சாயுவாங்க, அதனால எழும்புறப்போ பின்பக்கம் சாஞ்சு பிடிச்சுக்கணும். அம்மாவுக்கு முட்டின்னா சவாரியே வேண்டாம், ஒட்டக வண்டி கேளுங்க, அதுல உக்காந்துட்டு போலாம்.

அப்புறம் பாட்டு. அங்க பாடுறவங்க மங்கணியார் சமூகத்து ஆளுங்க. பொறப்புல முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையா ராஜபுத்திர குடும்பங்களோட கல்யாணத்துக்கும் பொறப்புக்கும் சாவுக்கும் பாடுறவங்க, கிருஷ்ணன் மேலயும் பாடுவாங்க, சூஃபி பாட்டும் பாடுவாங்க. கமாய்ச்சான்னு ஒரு வில் வாத்தியம், வட்டமான குடம், மேல ஆட்டுத்தோல், அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கும். கையில ரெண்டு ரெண்டு மரத் துண்டு வச்சு தட்டுறது கர்தால். டூரிஸ்ட் கூட்டத்துல ஸ்பீக்கர் வச்சு எல்லாரும் கேக்குற ஒரே நாலு பாட்டையே பாட வைப்பாங்க. கூட்டம் கலைஞ்சதும் பக்கத்துல போய் உக்காந்து, மைக் இல்லாம ஒரு பழைய பாட்டு பாடுங்கன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க, முகமே மாறிடும். காச அவங்க கைலயே குடுங்க.

ஜோத்பூர்ல மெஹ்ரான்கர் கோட்டை, 1459ல ராவ் ஜோதா ஆரம்பிச்சது. மேல ஏற லிஃப்ட் இருக்கு, அம்மாவுக்காக இத முதல்லயே கேட்டு வாங்கிக்கோங்க, தெரியாம நிறைய பேர் ஏறி மூச்சு வாங்குறாங்க. கோட்டைக்கு பக்கத்துலயே ராவ் ஜோதா டெசர்ட் ராக் பார்க் இருக்கு. நம்ம ஊர்ல தலைவலியா இருக்குற அதே சீமைக்கருவேலம் அங்கயும் பாறை முழுக்க பரவி கெடந்துச்சு, அத வேரோட எடுத்துட்டு அந்த மண்ணுக்கே உரிய செடிங்கள திரும்ப வளத்துருக்காங்க. ட்ரெயின் டூர்ல அங்க போக நேரம் இருக்காது, அதுக்குத்தான் கூடுதலா நாள் போடுங்கன்னு சொல்றேன்.

சாப்பாட்டுல ஒரு விஷயம். ட்ரெயின்ல எல்லா நாட்டு ஆளுங்களுக்கும் சேர்த்து காரம் குறைச்சுதான் போடுவாங்க, கேட்டா ராஜஸ்தானி சாப்பாடு குடுப்பாங்க, கேளுங்க. கட்டே (கடலமாவு உருண்டை போட்ட குழம்பு), தால் பாட்டி சூர்மா (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி), பஜ்ரா ரொட்டி (கம்பு ரொட்டி), கேர் சாங்ரி. இந்த சாங்ரின்றது வேற ஒண்ணும் இல்ல, வன்னி மரத்துக் காய். விருத்தாசலம் கோயில்ல தல விருட்சமா நாம சுத்தி வர்ற அதே வன்னி, அங்க கேஜ்ரின்னு பேரு, காயப் பறிச்சு காய வச்சு வருஷம் முழுக்க சமைப்பாங்க, பஞ்சத்துல உசுர காப்பாத்தின மரம். 1730ல ஜோத்பூர் பக்கத்துல கேஜர்லி கிராமத்துல இந்த மரத்த வெட்ட வந்தப்போ கட்டிப் பிடிச்சுட்டு பிஷ்ணோய் சமூகத்து ஆளுங்க 363 பேர் உசுர விட்டாங்க, முதல்ல நின்னது அம்ரிதா தேவின்ற அம்மா. அம்மாவுக்கு இந்தக் கதைய சொல்லி அனுப்புங்க, தட்டுல அந்தக் காய் வரும்போது வேற மாதிரி சாப்பிடுவாங்க.

ஜெய்ப்பூர், உதய்பூர், ஆக்ரா பத்தி நான் சொல்ல புதுசா எதுவும் இல்ல. ஆக்ரால ஒரு நாளுக்குள்ள பரத்பூர் பறவையும் தாஜ்மஹாலும் அடக்குறாங்க, அன்னைக்கு கொஞ்சம் அலைச்சலா இருக்கும், அவ்வளவுதான்.

காசு விஷயம். ரேட் வருஷா வருஷம் மாறும், ரெண்டு பேருக்கு ஏழு ராத்திரின்னா பல லட்சம்னு மனசுல வச்சுக்கோங்க. சாப்பாடு, பஸ், கைடு, நுழைவுக் கட்டணம் அதுலயே அடங்கும், மது, துணி துவைக்கிறது, டிப்ஸ் தனி. புக் பண்றதுக்கு முன்னாடி வரி சேர்த்த ரேட்டா, சேர்க்காத ரேட்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, கேன்சல் பண்ணா எத்தன நாளுக்கு முன்னாடி எவ்வளவு புடிப்பாங்கன்னும் கேளுங்க. செப்டம்பர்லயும் ஏப்ரல்லயும் ரேட் குறையும், ஆனா ஏப்ரல் வேண்டவே வேண்டாம், அந்த லைன்ல இருக்குற பலோடிலதான் 2016 மே மாசம் 51 டிகிரி அடிச்சுது, ஏப்ரல்லயே அதுக்கு ஒத்திகை ஆரம்பிச்சிடும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் பெரியவங்களுக்கு நல்லது, பகல் இதமா இருக்கும், ராத்திரி ஜெய்சல்மேர்ல நல்லா குளிரும், ஸ்வெட்டர் சால்வை காதுக்கு குல்லா எல்லாம் வேணும்.

மஹாராஜாஸ் எக்ஸ்பிரஸ் பத்தியும் கேப்பீங்க. 2010ல வந்தது, ஐஆர்சிடிசி நடத்துது, இத விட இன்னும் சொகுசு, இன்னும் காசு, ஒரு முழு கோச்சையே ஒரே பெரிய சூட் ரூமா பண்ணி வச்சிருக்காங்க. பாலைவனம்னு பாத்தா அது பிகானேர், ஜோத்பூர் போற ரூட் வச்சிருக்கு, ஜெய்சல்மேர் அதுல கிடையாது. ஜெய்சல்மேர் இல்லாம தார் பாலைவனம் பாத்தேன்னு சொல்ல எனக்கு மனசு வராது, அதனால உங்க விஷயத்துல நான் அத சொல்ல மாட்டேன்.

சரி, அப்பாவுக்கு என்ன பண்ணலாம். ரெண்டு வழி. சொகுசு ட்ரெயின் வேண்டாம்னு முடிவு பண்ணா, டெல்லில இருந்து மண்டோர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலைல ஜோத்பூர், அங்க ரெண்டு நாள், அப்புறம் பகல்ல ஓடுற ஏதாவது ஒரு ட்ரெயின்ல ஜெய்சல்மேர். சுமார் 300 கிலோமீட்டர், அஞ்சாறு மணி நேரம். இந்த பகல் பயணம்தான் நான் யாருக்கும் முதல்ல சொல்றது. ஓசியான் வரும், ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய கோயில்ங்க இருக்குற ஊர். பலோடி வரும், குளிர்காலத்துல பக்கத்து கீச்சன் கிராமத்துக்கு ஆயிரக்கணக்குல கொக்கு மாதிரி நாரைங்க பறந்து வந்து எறங்கும், ஊர்க்காரங்க தானியம் போட்டு காப்பாத்துறாங்க. ராம்தேவ்ரா வரும், அந்தக் காலத்து மகான் பாபா ராம்தேவ் சமாதி (இப்போ இருக்குற யோகா ராம்தேவ் இல்ல), ஆவணி பக்கம் நடக்குற திருவிழாவுக்கு கொடிய தூக்கிட்டு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வருவாங்க, இந்துவும் வருவாங்க முஸ்லிமும் வருவாங்க. போக்ரான் வரும், அணு குண்டு சோதனைனாலதான் உலகத்துக்கு தெரியும், அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு சம்சம்ன்ற இனிப்புக்காக தெரியும். போக போக மரம் குட்டையாகும், வீடு கொறையும், வானம் பெருசாகும். ஏசி கோச்ல கண்ணாடி அழுக்கா இருந்தா எல்லாமே மங்கலாத்தான் தெரியும், அப்பா உடம்பு ஒத்துழைச்சா கொஞ்ச தூரமாவது ஜன்னல் தொறக்குற பெட்டில உக்காரட்டும், மூக்குல துணி கட்டிக்கணும், தூசு வரும், ஆனா அந்தக் காத்துல ஒரு வாசனை இருக்கு, அது வேற எங்கயும் கெடைக்காது.

இன்னொண்ணு, அப்பா மீட்டர் கேஜ் காலத்து ஆளுன்னா மார்வார் ஜங்ஷன் போகச் சொல்லுங்க. அங்க இருந்து காம்லி காட் வரைக்கும் ஆரவல்லி மலை மேல ஏறுற பழைய மீட்டர் கேஜ் லைன் இன்னும் இருக்கு, 2023 அக்டோபர்ல வேலி குயின்னு ஒரு பாரம்பரிய ட்ரெயின் விட்டாங்க, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல், கோரம் காட் பக்கம் பாலமும் குகையும் வளைவுமா போகும். பாலைவனத்தோட கிழக்கு ஓரம் இதுதான். எந்த நாள் ஓடுதுன்னு முன்னாடியே பாத்துக்கோங்க. மீட்டர் கேஜ் லைன் ஒவ்வொண்ணா பிராட் கேஜா மாறிட்டே இருக்கு, தள்ளிப் போடாதீங்க.

ரெண்டாவது வழி, நான் உங்களுக்கு சொல்றது இதுதான்: சொகுசு ட்ரெயின்லயே அனுப்புங்க, அம்மாவுக்காக. ஆனா திரும்ப டெல்லி வந்ததும் அப்படியே ஊருக்கு பிளைட் போடாம, இல்லன்னா அந்த ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடியே, மூணு நாள் ஜோத்பூர் போய் மார்வார் ஜங்ஷன் பயணத்த முடிச்சுட்டு வரட்டும். நீங்களோ வேற யாராவதோ கூட இருந்தா இன்னும் நல்லது. அவ்வளவு நேரம் இல்லன்னா, ஒரே ஒரு விஷயமாவது பண்ணுங்க. ட்ரெயின் சப்தர்ஜங்ல புதன்கிழமை சாயங்காலம்தான் கெளம்பும், அங்க இருந்து பக்கத்துலயே சாணக்கியபுரில தேசிய ரயில் மியூசியம் இருக்கு, திங்கட்கிழமைதான் லீவு. அங்க 1875ல வேல்ஸ் இளவரசருக்காக பண்ணின சலூன் இருக்கு, மைசூர் மகாராஜாவோட 1899 சலூன் இருக்கு, அந்தக் காலத்துல ராஜாக்கள் நிஜமாவே எப்படி போனாங்கன்னு ஜன்னல் வழியா பாக்கலாம். 1895ல ஆஜ்மீர் பட்டறைல நம்ம ஆளுங்க கட்டின எஃப் 734 இன்ஜினும் அங்கதான் நிக்குது, இந்தியால முழுசா கட்டின முதல் நீராவி இன்ஜின், மீட்டர் கேஜ், இதே ராஜபுதன லைன்ல ஓடினது. அன்னைக்கு காலைல பத்து மணிக்கே அப்பாவ அங்க கூட்டிட்டுப் போயிடுங்க, அம்மாவுக்கு நிழல்ல ஒரு பெஞ்ச் பாத்து உக்கார வச்சுட்டு, மூணு மணி வரைக்கும் அவர யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.